டிஸ்ப்ளே வரவில்லையா? புது மானிட்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

பட்டனை அழுத்தியதும் சிபியு விசிறி சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. வீட்டில் எல்லோரும் உடனே சொல்வது, "மானிட்டர் போயிடுச்சு." நான் பார்த்தவரை, அப்படிச் சொல்லித் தூக்கிக்கொண்டு வரும் மானிட்டர்களில் பாதிக்கு மேல் நல்லவைதான். கோளாறு கேபிளில் இருக்கும், அல்லது ரேமில் இருக்கும். சில சமயம் ஸ்பைக் பஸ்டரின் ஒரு சாக்கெட்டில் இருக்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கோளாறு மானிட்டர் பக்கமா, சிபியு பக்கமா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசையும் அந்த விடையைத் தேடித்தான் போகிறது. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாத வேலைகள் முதலில், கேபினெட்டைத் திறக்கும் வேலை கடைசியில்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கேபிளையும் மாற்றி, ரேமையும் கழற்றி, செட்டிங்கையும் தொட்டபின் படம் வந்துவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மானிட்டருக்கு கரன்ட் வருகிறதா?

மானிட்டரின் கீழ் விளிம்பிலோ வலது மூலையிலோ ஒரு சின்ன விளக்கு இருக்கும். அதைப் பாருங்கள். நீலம், வெள்ளை, பச்சை இவற்றில் ஏதோ ஒரு நிறத்தில் நிலையாக எரிந்தால் மானிட்டர் ஆன் ஆகியிருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ பெரும்பாலும் அது தூங்குகிறது என்று அர்த்தம். கரன்ட் வருகிறது, சிக்னல் வரவில்லை. விளக்கே இல்லையென்றால் கரன்ட் வழியைப் பார்க்க வேண்டும்.

சுவர் ஸ்விட்ச், ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் என்று வரிசையாகப் பாருங்கள். பல யுபிஎஸ்களில் பின்னால் இருக்கும் சாக்கெட்டுகள் எல்லாம் ஒன்றுபோல வேலை செய்வதில்லை, ஒன்றிரண்டுக்குப் பேட்டரி ஆதரவு இருக்காது. மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி, செல்போன் சார்ஜர் வேலை செய்யும் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். பவர் கார்டு மானிட்டருக்குள் போகும் முனையையும் நன்றாக அழுத்துங்கள். அந்த இடம் எளிதில் தளரும். சிபியுவுக்கும் பல மானிட்டர்களுக்கும் ஒரே வகைக் கார்டுதான். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் கார்டின் மேல் உள்ள சந்தேகம் தீர்ந்துவிடும். சில மாடல்களில் பின்பக்கம் தனி ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதையும் தடவிப் பாருங்கள்.

கறுப்பு அடாப்டர் பெட்டியோடு வரும் மானிட்டராக இருந்தால் அடாப்டரும் சந்தேகத்துக்குரியது. வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தால் ஜாக் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிச் செருகிவிடாதீர்கள். 12 வோல்ட் கேட்கும் மானிட்டருக்கு 19 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு எரிந்துபோகலாம். அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

கேபிளைப் பிடுங்கினால் மானிட்டர் பேசும்

இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் போதும், பல நூறு ரூபாய் மிச்சமாகும். மானிட்டரை ஆன் செய்துவிட்டு, சிபியுவிலிருந்து வரும் படக் கேபிளை மானிட்டரின் முதுகிலிருந்து கழற்றுங்கள். பவர் கார்டை விட்டுவிடுங்கள். இப்போது மானிட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். கம்பெனி லோகோ தெரிகிறதா? 'நோ சிக்னல்' என்றோ, கேபிள் இணைக்கவில்லை என்றோ ஒரு கட்டம் வருகிறதா? வந்தால் மானிட்டரின் பவர் போர்டு, திரை, பின்விளக்கு எல்லாம் வேலை செய்கின்றன. இனி தேட வேண்டியது கேபிளிலும் சிபியுவிலும்தான். அரிதாக மானிட்டரின் அந்த ஒரு போர்ட் மட்டும் கெட்டிருக்கலாம், வேறு போர்ட் இருந்தால் அதிலும் செருகிப் பாருங்கள்.

மெனு பட்டனை அழுத்தியும் பார்க்கலாம். மெனு திரையில் வந்தால் அதுவும் நல்ல செய்திதான். பிரைட்னஸ் பூஜ்யத்துக்குப் போயிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். குழந்தைகள் பட்டன்களை அழுத்தி விளையாடும் வீடுகளில் இது நடக்கும்.

லோகோவும் வரவில்லை, மெனுவும் வரவில்லை, ஆனால் விளக்கு நிலையாக எரிகிறது என்றால் டார்ச் சோதனை. கேபிளை மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, அறை விளக்கை அணையுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சாய்வாகப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். விண்டோஸ் ஐகான்களோ எழுத்துகளோ நிழல் போல மங்கலாகத் தெரிந்தால், படம் உருவாகிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. இதுதான் பேக்லைட் கோளாறு. ஆன் செய்தவுடன் ஓரிரு விநாடி படம் வந்து கறுத்துப்போகும் மானிட்டர்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். இது வீட்டில் செய்யும் வேலையல்ல, சர்வீஸுக்குப் போக வேண்டும்.

கேபிள்: முதலில் கையால், பிறகு கண்ணால்

ஆயுத பூஜைக்கு மறுநாளும், பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும் வாரத்திலும் இந்தப் புகார் அதிகமாக வரும். மேசையை இழுத்திருப்பார்கள். சிபியுவைத் துடைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். திருப்பி வைக்கும்போது கேபிள் பாதி வெளியே வந்திருக்கும். பார்க்க மாட்டியதுபோலவே இருக்கும். விஜிஏ கேபிளின் இருபுறமும் இருக்கும் திருகுகளை எவரும் முறுக்குவதில்லை என்பதால் இது இன்னும் சுலபமாக நடக்கிறது.

அதனால் இரண்டு முனைகளையும் முழுவதும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். அழுத்திவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கழற்றியதும் வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள். நீல நிற விஜிஏ முனை, 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அதே வடிவம். மூன்று வரிசையில் 15 பின்களுக்கு இடம் உண்டு. நடு வரிசையில் ஒரு பின் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், 9ஆம் பின் இல்லாமலே பல கேபிள்கள் தயாராகின்றன. வளைந்த பின்தான் ஆபத்து. நிறத்துக்கான பின்களில் ஒன்று வளைந்தால் திரை முழுவதும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும். படத்தை நிலைநிறுத்தும் சிக்னல் வரும் பின்கள் வளைந்தால் படமே வராது. வளைந்த பின்னை இடுக்கி அல்லது தீர்ந்துபோன ரீபிலின் முனையால் மெல்ல நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் பலமுறை ஆட்டினால் உடைந்துவிடும். ஒரே தடவையில், மெதுவாக.

எச்டிஎம்ஐ கேபிளில் திருகு கிடையாது, சற்றே கீழே தொங்கினாலும் தொடர்பு விட்டுப்போகும். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் கொக்கி இருக்கும். மேலே உள்ள பட்டனை அழுத்திக்கொண்டுதான் உருவ வேண்டும், வெறுமனே இழுத்தால் போர்ட்டே பிய்ந்து வரும்.

நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். புதிய சிபியுவில் எச்டிஎம்ஐ, பழைய மானிட்டரில் விஜிஏ, நடுவில் ஒரு மலிவு கன்வெர்ட்டர் என்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்தச் சின்னப் பொருளுக்குள் ஒரு சிப் இருக்கிறது, அது சூடாகும், கெட்டுப்போகும். அது ஒருவழிப் பாதை என்பதையும் நினைவில் வையுங்கள். எச்டிஎம்ஐயில் வாங்கி விஜிஏயில் கொடுப்பதற்குச் செய்தது, தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது. கடையில் கேட்கும்போது 'சிபியுவில் இது, மானிட்டரில் இது' என்று இரண்டையும் சொல்லி வாங்குங்கள்.

வீட்டில் டிவி இருந்தால் அதுதான் உங்கள் சோதனைக் கருவி. சிபியுவிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்குக் கொடுத்து, ரிமோட்டில் அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் படம் வந்தால் சிபியுவும் கேபிளும் நல்லவை. இதையே திருப்பியும் செய்யலாம்: செட்டாப் பாக்ஸையோ லேப்டாப்பையோ உங்கள் மானிட்டரில் மாட்டிப் பாருங்கள்.

எந்தத் துளையில் மாட்டியிருக்கிறீர்கள்?

படம் காட்டுவதற்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே யுஎஸ்பி, நெட் கேபிள், ஆடியோ துளைகளோடு சேர்ந்து இருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டு என்ற முக்கியப் பலகையுடையது. அதற்குக் கீழே, படுக்கைவாட்டில் தனி வரிசையாக இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். எல்லா பிராசஸருக்குள்ளும் படம் காட்டும் வசதி கிடையாது. இன்டெல் ஐ5-12400எஃப், ஐ3-12100எஃப் போல எண்ணின் கடைசியில் எஃப் வருபவற்றிலும், ஏஎம்டியின் ரைசன் 5 3600, ரைசன் 5 5600 போன்றவற்றிலும் அது இல்லை. 5600ஜி-யில் இருக்கிறது. எஃப் வகைப் பிராசஸர் போட்டு, மதர்போர்டு எச்டிஎம்ஐயில் கேபிளை மாட்டி நாள் முழுவதும் காத்திருந்தாலும் படம் வராது, எந்தப் பாகமும் கெட்டிருக்காது.

மானிட்டர் பக்கமும் ஒரு பார்வை. இரண்டு மூன்று போர்ட் உள்ள மானிட்டரில் எந்தப் போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று மெனுவில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாகவே கண்டுபிடிக்கும் மானிட்டர்களும் சில நேரம் தவறவிடும்.

கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா?

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் வெளியே வரவில்லை. விளக்கு அசையவே இல்லையென்றால் கம்ப்யூட்டர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் இந்த விளக்கு இருக்காது, வயர் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

முதலில் கம்பெனி லோகோ வந்து, விண்டோஸ் திறக்கும் நேரத்தில் திரை கறுத்துப்போகிறதா? அப்படியானால் வன்பொருளைத் தொட வேண்டாம், பெரும்பாலும் செட்டிங் அல்லது டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பிரச்சினைதான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம் கேட்டு, திரை ஒருமுறை மின்னி, கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அடுத்து விண்டோஸ் கீயோடு இன்னொரு 'பி' (P) எழுத்தை, அதாவது பிரின்ட் என்பதன் முதல் எழுத்தை அழுத்துங்கள். முன்பு டிவியிலோ ப்ரொஜெக்டரிலோ இணைத்தபோது 'இரண்டாம் திரை மட்டும்' என்று வைத்திருந்தால் உங்கள் மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும். மெனு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டி என்டர் கொடுங்கள். வரவில்லையென்றால் மறுபடி அதேபோல. ஒவ்வொரு முறையும் அடுத்த தேர்வுக்கு மாறும்.

திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால், மானிட்டரால் தாங்க முடியாத அளவு ரெசல்யூஷன் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை) அல்லது ரிஃப்ரெஷ் ரேட் (படம் புதுப்பிக்கும் வேகம்) வைத்திருக்கிறீர்கள். பழைய 18.5 அங்குல மானிட்டர்கள் பலவற்றின் அளவு 1366க்கு 768, வேகம் 60 ஹெர்ட்ஸ். இதைச் சரிசெய்ய விண்டோஸைக் குறைந்த ரெசல்யூஷனில் திறக்க வேண்டும். விண்டோஸ் லோகோ தோன்றியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் பழுது பார்க்கும் பக்கம் தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண் பட்டியல் வரும். 3 என்றால் குறைந்த ரெசல்யூஷன், 4 என்றால் சேஃப் மோட். உள்ளே போனபின் அளவைச் சரியாக வைத்து, சமீபத்தில் மாற்றிய டிரைவரை நீக்குங்கள். இந்த வழியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்த 48 இலக்க எண் அந்தக் கணக்கில் சேமித்திருக்கும், செல்போனிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேபினெட்டைத் திறந்து, ரேமிலிருந்து தொடங்குங்கள்

மானிட்டர் நல்லது, கேபிள் நல்லது, போர்ட் சரி, கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை. இப்போதுதான் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை. வாரண்டி முத்திரை ஒட்டியிருந்தால் திறக்காமல் வாங்கிய கடைக்குப் போங்கள்.

பவர் கார்டை முழுவதும் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கியபின் சிபியுவின் பவர் பட்டனைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைப் படுக்கவைத்து, இடது பக்கக் கதவைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன், பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பை நாசம் செய்யும் அளவுக்குப் போதும், அது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ரேம் என்பது பிராசஸர் விசிறிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் நிற்கும் மெல்லிய பலகை. இரு முனைகளிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கமாக அழுத்தினால் அது மேலெழும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் திறக்கும். ஓரங்களைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். அடியில் தங்க நிறத்தில் பல்வரிசைபோல இருக்கும் தொடர்புப் பட்டைகளைப் பாருங்கள். பளிச்சென்று இல்லாமல் மங்கி, கறைபடிந்து இருந்தால் உங்கள் கோளாறு அனேகமாக அதுதான். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஈரக்காற்று பட்டுப்பட்டு இப்படி ஆகும்.

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் வெள்ளை நிறப் பென்சில் ரப்பர் போதும். ரேமை ஒரு சுத்தமான காகிதத்தின் மேல் வைத்து, பட்டைகளின் மேல் ஒரே திசையில், ரேமின் உடலிலிருந்து விளிம்பை நோக்கி மென்மையாகத் தேயுங்கள். இரு பக்கமும் தேய்த்தபின் ரப்பர் துகள் ஒன்றுகூட இல்லாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மை அழிக்கும் நீல ரப்பர் சொரசொரப்பானது, தங்கப் பூச்சையே உரித்துவிடும். உப்புத்தாளை நினைக்கவே வேண்டாம். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் தெறிக்கும். சாக்கெட்டுக்குள்ளும் அதே பிரஷ்ஷால் தூசியை எடுங்கள்.

மாட்டும்போது ரேமின் அடியில் உள்ள வெட்டும் சாக்கெட்டில் உள்ள மேடும் நேருக்கு நேர் வர வேண்டும். இரு முனைகளையும் கட்டைவிரல்களால் நேராக அழுத்துங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு கிளிப் தானாக மூடும். நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் தேவைப்படும். கிளிப் மூடவில்லையென்றால் ரேம் உட்காரவில்லை. இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை மட்டும். நான்கு சாக்கெட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ரேமுக்கான இடம் பிராசஸரிலிருந்து இரண்டாவது சாக்கெட்.

டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கம்ப்யூட்டர், குறிப்பாக ஏஎம்5 சாக்கெட் ரைசன், முதல் முறை ஆன் செய்யும்போது பல நிமிடம் கறுப்புத் திரையோடே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொள்ள அதற்கு அந்த நேரம் வேண்டும். கெட்டுப்போனது என்று நினைத்து நடுவில் அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

ரேமால் தீரவில்லையென்றால்

கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி அதேபோல மாட்டுங்கள். சாக்கெட்டின் முனையில் உள்ள பூட்டை விடுவித்தபின்தான் உருவ வேண்டும். கார்டுக்குத் தனியாக 6 அல்லது 8 பின் பவர் கேபிள் இருந்தால் அது முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். பிராசஸருக்கு அருகே மதர்போர்டின் மேல் மூலையில் 4 அல்லது 8 பின் கேபிள் ஒன்று போகும், புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதை மாட்ட மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விசிறியெல்லாம் சுற்றும், கம்ப்யூட்டர் மட்டும் எழாது.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: சிபியு (இங்கே பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). எதில் நின்று எரிகிறதோ அங்கே கோளாறு. பழைய போர்டுகளில் பீப் சத்தம் அதையே சொல்லும். அவார்ட் என்ற வகை பயாஸில் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) ஒரு நீண்ட பீப், இரண்டு குறும் பீப் என்றால் கிராபிக்ஸ் பக்கம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

கடைசியாக பயாஸ் செட்டிங்கை அழித்துப் பார்க்கலாம். பவர் கார்டைப் பிடுங்கிய நிலையில், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கம்ப்யூட்டரின் கடிகாரம் தினமும் பழைய தேதிக்கே போய்க்கொண்டிருந்தால் பேட்டரியையே மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பிட்லாக்கர் போட்டிருந்தால் இதற்குப் பிறகும் சாவி கேட்கலாம், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை), மதர்போர்டு, பிராசஸர் மூன்றில் ஒன்று. மாற்றிப் போட்டுப் பார்க்க நல்ல பாகங்கள் கையில் இருப்பவரால்தான் இதைச் சொல்ல முடியும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

மானிட்டரின் முதுகைத் திறக்காதீர்கள். பவர் கார்டு நேராக உள்ளே போகும் மானிட்டர்களில் 230 வோல்ட் மின்சாரம் உள்ளேயே டிசியாக மாறி, சுமார் 320 வோல்ட் வரை ஒரு கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் இருக்கலாம். பழைய பெட்டி மானிட்டர் இன்னும் வைத்திருப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள், அதன் படக்குழாயில் 20,000 வோல்ட்டைத் தாண்டும்.

சர்வீஸ் ஆளிடம் "டிஸ்ப்ளே வரலைண்ணே" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "கேபிளைக் கழட்டினா நோ சிக்னல் வருதுண்ணே, டிவில மாட்டினாலும் வரலை, கேப்ஸ் லாக் எரியலை." இந்த ஒரு வரியில் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம், உங்களுக்கு வீணாக ஒரு மானிட்டரைச் சுமந்து போகும் அலைச்சல் மிச்சம்.

கோளாறு மானிட்டரில்தான் என்று உறுதியானால், எந்தப் பாகம் என்று கேளுங்கள். பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ பேக்லைட் போயிருந்தாலோ சரிசெய்வது பெரும்பாலும் லாபம். பேனல், அதாவது திரையே உடைந்திருந்தால் செலவு புது மானிட்டரை நெருங்கிவிடும், அப்போது பழையதை விட்டுவிடுவதே சரி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய மானிட்டர் வாங்குவதானால், கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிபியுவில் இருக்கும் அதே போர்ட் அதில் இருக்கிறதா என்று பார்த்து, கேபிளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.